பொன் உரசிய தண்ணீர்

மண்ணைக் கரைத்து ஊற்றியாகிவிட்டது. அது கடைவாயில் வழிந்ததே தவிர, மலைச்சாமிக்கு இழுத்துக்கொண்டிருந்த மூச்சு அடங்கவில்லை.

"அப்ப மண்ணாசை இல்ல, பொன்னாசைதான்," என்றாள் பக்கத்து வீட்டு ராமக்காள். "பொன்ன ஒரசி ஊத்துங்க, நிம்மதியாப் போகட்டும். வேணும்னா என் மூக்குத்தியத் தாரேன்."

"அடுத்த வீட்டுப் பொன்னு எதுக்கு? எங்க காட்டுலயே கெடக்கு," என்ற அவர் மனைவி மலையம்மாள், பானைக்குள்ளிருந்து துணிமுடிச்சை எடுத்தாள். உள்ளே மஞ்சள் மினுக்கம் தெரியும் வெள்ளைக் கல். அதை மகள் மாயக்காளிடம் கொடுத்துவிட்டு, ராமக்காளோடு கடைசியாக ஊற்றப் பால் வாங்கக் கிளம்பினாள்.

மாயக்காளுக்கு அந்தக் கல்லின் ஜாதகமே தெரியும். அவள் பழங்காநத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன வருஷம் ஒரு சில்லை மதுரை ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனாள். அவர் நெருப்பில் இட்டதும் கந்தகம் நாறியது. "குந்துமணி கூடத் தேறாது தாயி," என்றார். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை.

மலைச்சாமி கோலார் சுரங்கத்தில் இருபது வருஷம் பாறை துளைத்தவர். இருமலோடு திரும்பி, பேரையூர்ப் பக்கம் யாரும் சீண்டாத கல்லாங்காட்டை வாங்கினார். அங்கே பாறை மடிந்து கிடந்ததையும், நடுவே வெள்ளை ரேகை ஓடியதையும் பார்த்தவருக்குத் தூக்கம் போயிற்று. பூமி நெருக்கினால் பாறை மடங்கும், வெடிக்கும்; வெடிப்பு வழியே ஆழத்துக் கொதிநீர் ஏறி, ஆறும்போது வெள்ளைக் கல்லையும் பொன்னையும் விட்டுப்போகும். இதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் ஊரில் இல்லை. தோண்டும் செலவுக்கு மலையம்மாள் தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். காது தொங்கியபடியே நின்றது.

மாயக்காள் அம்மியில் தண்ணீர் தெளித்துக் கல்லை உரசினாள்.

"நெறம் வருதா?" என்றார் மலைச்சாமி. கண் திறந்திருந்தது.

"வருதுய்யா."

"யார்கிட்ட?" சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "பாறை மடங்கினதும் நெசம். ரேகையும் நெசம். ஏறுன தண்ணிதான் பொன்னக் கொண்டாரல."

அவளுக்குக் கை நின்றுவிட்டது. "எப்பத் தெரியும்?"

"ரெண்டாள் ஆழத்துலயே."

"பெறகு எதுக்குய்யா மூணு வருசமாத் தோண்டினீக?"

"வெறுங்காதோட கஞ்சி கொண்டாந்து நிப்பா. இன்னைக்கு எம்புட்டு ஆழம்னு கேப்பா. என்னத்தச் சொல்ல?" மூச்சு வாங்கினார். "ஊத்திரு. அவ வந்துருவா."

மாயக்காள் ஊற்றினாள். இந்த முறை வழியவில்லை. கையை எடுப்பதற்குள் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

மலையம்மாள் பால் செம்போடு வாசலில் நின்றாள். "உள்ள எறங்குச்சா?"

"எறங்குச்சு ஆத்தா."

"எறங்காமப் போகுமா," என்றாள் மலையம்மாள். பிறகுதான் செம்பை வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடக்கம் சொந்தக் காட்டில்தான் என்று முடிவாயிற்று. மதியம் மண்வெட்டி, கடப்பாரையோடு நாலுபேர் கிளம்பினார்கள். ஒப்பாரிக்கு நடுவே மலையம்மாள் மகளை இழுத்துக் காதருகே சொன்னாள்.

"ஓடிப்போய்ச் சொல்லுடி. மேக்க வெட்டிர வேணாம்னு. ரேகை செதஞ்சு போகும்."

மாயக்காள் வெயிலில் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர்கள் காரணம் கேட்கவில்லை. பத்தடி கிழக்கே தள்ளி வெட்டத் தொடங்கினார்கள்.