லண்டனுக்குப் போன முதல் லோடு

என் தம்பி கோதண்டராமனுக்கு எங்கள் ஊர் வியாபாரிகள் பாராட்டு விழா நடத்தியது எண்பத்தாறாம் வருஷம் தை மாதம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் அவன் பேரில் தட்டி கட்டியிருந்தார்கள். நோட்டீசில் 'பன்னாட்டுத் தொழிலதிபர், முதலீட்டாளர்' என்று போட்டிருந்தது. முதலீட்டாளர் என்றால் என்ன வேலை என்று பக்கத்து வீட்டு சந்திரகலா கேட்டாள்.

"அடுத்தவன் ஒழைக்கிற எடத்துல பணத்தப் போட்டுட்டு ஒக்காந்திருக்கிறவன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் வரைக்கும் அவனைப் பற்றி எதைச் சொன்னாலும் எனக்குப் பெருமைதான்.

பின்னே இருக்காதா? அவனுக்குப் பத்து வயதில் அம்மா போய்விட்டாள். எனக்குக் கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை, தம்பிதான் பிள்ளை. கீழ்பென்னாத்தூரில் அப்பா என் பேருக்கு எழுதி வைத்த கிணற்றோடு சேர்ந்த இரண்டு ஏக்கரில் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போட்டு அவனைப் படிக்க வைத்தேன். மெட்ராஸில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன், எழுபத்திரண்டில் லண்டனுக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. "அக்கா, இங்கே வேர்க்கடலையை வறுத்து உப்புப் போட்டுப் பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்கள். நம் ஊர்ப் பருப்பைப் பார்த்தால் விடமாட்டார்கள். நீ பொறுக்கிக் கொடு, நான் விற்கிறேன். ஆளுக்குப் பாதி."

திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்தேன். முப்பது பெண்கள் எடைக்கு இவ்வளவு என்று கூலிக்கு வந்தார்கள். ஓட்டை உடைப்பதற்கு முன் காயின் மேல் தண்ணீர் தெளிப்பது எங்கள் பக்கத்து மண்டிப் பழக்கம். பருப்பு உடையாது, எடையும் கொஞ்சம் ஜாஸ்தி காட்டும். உள்ளூர்ச் செக்குக்குப் போகிற சரக்குக்கு அது போதும். கப்பலில் மாதக்கணக்கில் போகிற சரக்கில் ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும். அதனால் என் கிடங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. குடிக்கிற பானைகூட வாசலுக்கு வெளியேதான். கையால் உடைத்து, கையால் பொறுக்கினோம். தோல் கிழிந்த பருப்பு ஒன்று கிடந்தாலும் மூட்டையைத் திரும்பக் கொட்டச் சொல்வேன்.

எனக்கு வலது கையாக இருந்தவள் ஜோதியம்மாள். முறத்தை ஒரு தடவை தட்டினாலே எது சொத்தை என்று அவள் விரல் போய் நிற்கும். அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வீடு கொள்ளாத உறவுக்கூட்டம். இரண்டு நாள் கிடங்குச் சாவியை அவளிடம்தான் கொடுத்திருந்தேன். தீபம் முடிந்து பத்தாம் நாள் லாரி ஏற்றினோம். லாரிக்கு அவள்தான் கற்பூரம் கொளுத்தினாள்.

மாசி மாதம் தம்பியின் கடிதம் வந்தது. "அக்கா, சரக்கெல்லாம் பூசணம். குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். இந்தச் சரக்குக்காக வாங்கிய மெட்ராஸ் பேங்க் கடன் அடையாவிட்டால் நான் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது."

கடிதத்தை மடிப்பதற்குள் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. சாவி யாரிடம் இருந்தது? எடை கூடினால் கூலி கூடும் யாருக்கு? முப்பது பெண்களுக்கும் நடுவே ஜோதியம்மாளை நிற்க வைத்துக் கேட்டேன். அவள் வாசலுக்கு ஓடினாள். அங்கிருந்து மலை தெரியும்.

"அந்த மலையப் பாத்து சொல்றேன்க்கா. ஒரு கை தண்ணி தெளிச்சிருந்தா இந்தக் கை அழுவிப் போவட்டும்."

"மலைக்கு வாயில்லன்ற தைரியம்டி ஒனக்கு" என்றேன்.

அத்தோடு விட்டேனா? மண்டி மண்டியாகப் போய், இவளைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். 'தண்ணிக்காரி' என்று அவளுக்குப் பேரே ஆகிவிட்டது. பிறகு கீழ்பென்னாத்தூர் நிலத்தைக் கிணற்றோடு விற்றேன். பணத்தை மெட்ராஸில் தம்பி சொன்ன ஆளிடம் கொடுத்தேன். கிடங்கை மூடிவிட்டு, சடையன் முதலியார் மண்டியில் பொறுக்குகிற பெண்களுக்கு மேஸ்திரியாகச் சேர்ந்தேன். என் கண்ணை மறைத்து ஒருத்தி தம்பியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள், அதற்கு நான்தான் ஈடுகட்ட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அதற்கப்புறம் தம்பி ஏறிய ஏற்றத்தைச் சொல்லி மாளாது. ஆப்பிரிக்காவில் லாகோஸில் சிமெண்ட் இறக்கினான். சிங்கப்பூரில் ஹோட்டலில் பங்கு வாங்கினான். ஹாங்காங்கில் கட்டடம் வாங்கி, கட்டி முடிப்பதற்குள் விற்றான். பத்திரிகையில் கோட்டு போட்ட படம் வந்தபோது, விழுந்த பிள்ளை எழுந்துவிட்டான் என்று கோயிலில் நூற்றெட்டு நெய்விளக்கு போட்டேன்.

விழாவில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் கண்ணாயிரம் மாலை போட்டுவிட்டு, முதல் மூலதனம் எப்படி வந்தது என்று இளைஞர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். தம்பி மைக்கைப் பிடித்தான்.

"எல்லாம் நம்ம ஊரு மல்லாட்டதாங்க! எழுபத்தி நாலுல இங்கேர்ந்து போன மொத லோடு. லண்டன்ல வாங்க வந்த வெள்ளக்காரரு மூட்டையப் பிரிச்சு ஒரு கை அள்ளி மென்னாரு. நாப்பது வருஷமா வாங்குறேன், இவ்ளோ சுத்தமான பருப்ப பாத்ததில்லன்னாரு. மூட்டை பாக்கியில்லாம மொத்தமும் வித்துச்சு. அந்தப் பணத்துலதான் மொத கம்பெனி!"

முதலில் கை தட்டியது நான்தான். மண்டபமே என்னைப் பார்த்துத் தட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். இவன் சொன்ன பொய்யையே மறந்துபோயிருந்தான். பதினோரு வருஷம் நான் தூங்காமல் புரண்ட விஷயம் அவன் ஞாபகத்தில்கூட இல்லை.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவனைப் பிடித்தேன்.

"சரக்கு பூசணம் புடிச்சிதுன்னு எழுதினியேடா?"

ஒரு நிமிஷம் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கதவைச் சாத்தினான். "அக்கா, அப்ப எனக்கு கையில முதல் வேணும். பாதிய ஒனக்கு அனுப்பியிருந்தா நான் இன்னும் குமாஸ்தாதான்."

"நெலத்தையும் வித்தேனேடா. கேட்டிருந்தா எல்லாத்தையும் குடுத்திருப்பேனே!"

"கேட்டு வாங்கினா அது கடன்க்கா. எப்பவும் ஒனக்கு பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்." இதைச் சொல்லும்போது அவன் கூசவேயில்லை, தொழில் நுணுக்கம் சொல்லிக் கொடுப்பவன் மாதிரி சொன்னான். "இப்ப என்ன கெட்டுப் போச்சு? வீடு வேணுமா? ரெண்டா வாங்கித் தரேன்."

"வீடு வாணாம். கார்ல ஏறு. ஜோதியம்மாகிட்ட வந்து சொல்லு."

"யாரு ஜோதியம்மா?" என்றான்.

நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியாது அவனுக்கு. வெளியே கலெக்டர் காத்திருக்கிறார் என்று யாரோ வந்து அழைத்தார்கள். போய்விட்டான்.

மறுநாள் காலை நான் மட்டும் வேங்கிக்காலுக்குப் போனேன். அங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டு மனையில் ஜோதியம்மாள் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சலிப்பதை நிறுத்தவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கூடப் பிறந்தவனே கழுத்தை அறுத்துவிட்டானே என்று அழுதேன்.

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "அப்ப சரக்கு நல்லாதான் போய் சேந்துச்சா?"

"நல்லா போச்சுடி. இவ்ளோ சுத்தமா பாத்ததே இல்லன்னானாம்."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "போவாதா பின்ன? எப்டி பொறுக்கினோம்!" பிறகு என்னையே பார்த்தாள். "ஒங்க தம்பி ஒங்கள ஏமாத்திட்டாருன்னு அழுவுறீங்க. அழுவ வேண்டியதுதான். ஆனா அவரு மொகத்தகூட நான் பாத்ததில்லக்கா. எனக்குத் தெரிஞ்சது நீங்கதான். தண்ணிக்காரி பொண்ணுன்னு எம்பொண்ண ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க. அது அவரு வெச்ச பேரா?"

அவன் எழுதிய கடிதம் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். யாரோ என்றுதான் எழுதியிருந்தான். ஜோதியம்மாள் என்ற பேரை அதில் சேர்த்தது நான்.