வாளிக்காரியின் கேள்விகள்

ஆர்லீனின் புருஷன் விக் வீட்டை விட்டுப் போன அன்று தன் துப்பாக்கியையும் புது தொலைக்காட்சிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனான். கிறிஸ்துமஸுக்கு அவள் வாங்கிக் கொடுத்திருந்த, வீட்டில் பீர் காய்ச்சும் சாமான்கள் அடங்கிய பெட்டியை மட்டும் பிரிக்காமலே விட்டுவிட்டுப் போனான். கிரீன் பே நகரத்தில் எவளோ ஒருத்தியோடு இருக்கிறான் என்று ஏரிக்கரை ஊரான ஷெபாய்கன் முழுக்கத் தெரிந்த பிறகுதான் ஆர்லீனுக்குத் தெரிந்தது.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. சீஸ் தொழிற்சாலையில் கட்டிகளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த பீர்ப் பெட்டியைக் குப்பையில் போடுவதற்காகத்தான் தூக்கினாள். வாசல்வரை போனவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து சமையல் மேசைமேல் வைத்துப் பிரித்தாள். சாயங்காலத்துக்குள் பார்லி மால்ட் பாகையும் பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவையும் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, மூடி போட்டு நிலவறையில் வைத்துவிட்டாள். பெட்டியோடு வந்த தாளில் அதற்குப் பிறகு ஒரே வரிதான் இருந்தது: நொதித்து முடியும்வரை காத்திருக்கவும். எப்படி முடியும், முடிந்தது எப்படித் தெரியும் என்று ஒன்றும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் கர்ட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

கர்ட் மேவிஸ் அதே தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒன்றாகப் படித்தவன். அவள் அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். விக் ஓடிப்போன அந்த வாரம் யாரும் கேட்காமலே மண்வெட்டியோடு வந்து அவள் வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனவன். பன்னிரண்டு வருஷமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறான். வேறு யாரைக் கேட்பாள்?

"கர்ட், ஒரு நாள் முழுக்க ஆயிடுச்சு. மூடியில இருக்கற குழல்ல ஒரு குமிழிகூட வரல. செத்துப் போச்சா?"

"எது செத்துப் போச்சு?"

"ஈஸ்ட்தான். வேற எது?"

"சூடா இருக்கறப்பவே கொட்டிட்டியா?"

"இல்லப்பா, பாத்திரத்தைப் பனிக்குள்ள புதைச்சு நல்லா ஆறவெச்சுத்தான் போட்டேன்."

"அப்ப சாகாது. மூடி சரியா உக்காந்திருக்காது, காத்து ஓரமா கசியும். திறந்து திறந்து பாக்காதே. அது பாட்டுக்கு அது வேலையைச் செய்யும்."

மறுநாள் நுரை பழுப்பாக ஏறி வாளியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பூஞ்சையா என்று கேட்டாள். இல்லை, அப்படித்தான் இருக்கும் என்றான். அதற்கு அடுத்த நாள் நிலவறையில் அழுகின முட்டை நாற்றம். கெட்டுவிட்டதா என்று கேட்டாள். ஒரு வாரத்தில் போய்விடும் என்றான். குளிர் அதிகமாக இருக்கிறதே என்று விக் விட்டுப்போன வேட்டைக் கோட்டை வாளிக்குப் போர்த்திப் பொத்தானும் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நல்ல காரியம் என்றான். ஒவ்வொரு முறையும் அவன் சொன்னபடியே நடந்தது. பல வாரங்களாக அவள் வாழ்க்கையில் யாரோ சொன்னபடி நடந்த ஒரே விஷயம் அதுதான்.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சிரிக்க மாட்டியே?"

"சொல்லு."

"வேலையிலேர்ந்து வந்ததும் கீழ போய் அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசறேன். இன்னிக்கு என்ன நடந்துச்சு, யாரு என்ன சொன்னாங்கன்னு. வீட்ல வேற யாரும் இல்ல பாரு. அதனால பீருக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

அந்த முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பாவம், மனசு இளகிவிட்டது அவனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாது ஆர்லி. பேசு. அப்புறம் இன்னொண்ணு. தினமும் வாளியைக் கால் சுத்து திருப்பி வை. ஏரி இருக்கற பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுக் கடிகாரம் சுத்தற மாதிரி."

"எதுக்கு?"

"ஈஸ்ட் ஒரே பக்கமா ஒதுங்கிடக் கூடாது இல்ல?"

இருபது கிலோ வாளி. தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அணைத்துத் திருப்பினாள். பத்து நாள் திருப்பினாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு வேளையில் கர்ட் பார்த்தான்.

"கையில என்ன?"

"வாளி திருப்பினதுல சுளுக்கிடுச்சு."

"அடடா" என்றான் கர்ட். "அப்ப இடது கையால திருப்பு."

மார்ச்சில் பாட்டிலில் அடைத்தாள். சர்க்கரை எவ்வளவு, கூடிப்போனால் வெடிக்குமா என்று அதற்கும் நான்கு முறை கூப்பிட்டாள். மூன்று வாரம் கழித்து ஒன்றைத் திறந்து ஊற்றினபோது வெள்ளையாக நுரை நின்றது. கொஞ்சம் நீர்த்த மாதிரி இருந்தாலும் பீர்தான், சந்தேகமே இல்லை. சமையலறையில் தனியாக நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தாள்.

ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும், பந்துருட்டு விளையாட்டுக் கூடத்தின் பின்அறையில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் கூடும். தானும் வரட்டுமா என்று முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தாள். "இப்ப வேணாம். புதுசா வர்றவங்கள அவங்க கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. எப்ப வரணும்னு நானே சொல்றேன்" என்று தடுத்துவிட்டான். இப்போது ஆறு பாட்டிலை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, அவனிடம் சொல்லாமலே கிளம்பினாள். முதல் கிளாஸை அவனுக்குத்தான் ஊற்ற வேண்டும் என்பது அவள் ஆசை.

முப்பது பேர் இருந்தார்கள். புகையும் சாசேஜ் வாசனையும். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருத்த ஆள் தன்னை டுவேன் என்றான், தபால் வேலை என்றான்.

"புதுசா? நல்ல நேரத்துல வந்தீங்க. இப்பதான் வாளிக்காரி."

"யாரு அது?"

"கர்ட் நடிச்சுக் காட்டற ஐட்டங்க. ரெண்டு மாசமா நடக்குது. நான் வர்றதே இதுக்குத்தான்."

கர்ட் ஒரு சின்ன நோட்டோடு முன்னால் வந்தான். தொழிற்சாலையில் யாரோடும் கண் பார்த்துப் பேசாத கர்ட், அங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு கீச்சுக் குரலில் ஆரம்பித்தான்.

"கர்ட், கர்ட்! செத்துப் போச்சா?"

அறை அதிர்ந்தது. டுவேன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். ஆர்லீனும் முதலில் லேசாகச் சிரித்தாள். தன்னைப் போலவே கேட்ட இன்னொருத்தி போலிருக்கிறது என்று. அழுகின முட்டை வந்தது. ஓடிப்போன புருஷனின் கோட்டு வந்தது. "பொத்தான் எல்லாம் போட்டிருக்காளாம்! இவ்வளவு அக்கறையா அந்த ஆளுக்குப் போட்டிருந்தா அவன் ஏன்யா கிரீன் பேக்கு ஓடறான்?" என்றான் கர்ட். வாளியோடு பேசுவது வந்தபோது ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்று தொலைபேசியில் ஏன் பேச்சில்லாமல் போனது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவன் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

"திருப்பறத சொல்லு, திருப்பறத!" என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

"சும்மாத்தான் சொன்னேன், ஏரியைப் பாத்துத் திருப்புன்னு. திருப்பறாய்யா! தினம்! கை வீங்கிப் போச்சு! நான் சொன்னேன், சரி, இடது கையால திருப்புன்னு..."

அங்கேதான் கர்ட் அவளைப் பார்த்தான்.

நோட்டு தாழ்ந்தது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை அவள் எழுந்து போயிருப்பாள். ஆனால் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"இதோ பாருங்க யாரு வந்திருக்காங்கன்னு! வாளிக்காரியே நேர்ல! எந்திரி ஆர்லி, எல்லாருக்கும் ஒரு வணக்கம் சொல்லு!"

கைதட்டினார்கள். கெட்ட எண்ணத்தோடு தட்டவில்லை. அவளுக்கும் இது தெரியும் என்று நினைத்துத் தட்டினார்கள். டுவேன் மட்டும் அவள் மணிக்கட்டில் இன்னும் அவிழ்க்காமல் இருந்த கட்டைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

ஆர்லீன் எழுந்தாள். 

"கர்ட், இன்னும் ஒரே ஒரு கேள்வி. எழுதிக்கிறியா?"

சிலர் சிரித்தார்கள்.

"நீ சொன்னதுல வேற எதெல்லாம் பொய்?"

யாரும் சிரிக்கவில்லை. கர்ட் நோட்டை மூடினான். "மத்ததெல்லாம் நிஜம்தான்" என்றான் கடைசியில், தன் சொந்தக் குரலில்.

அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கார் வரைக்கும் டுவேன் பின்னாலேயே ஓடிவந்தான். "அம்மா, எங்களுக்குத் தெரியாதுங்க, சத்தியமா. அவன் இட்டுக்கட்டிச் சொல்றான்னு நினைச்சோம்." அவள் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

திங்கட்கிழமை கர்ட் பெட்டி அடுக்கும் இடத்துக்கே வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"உன் பேரை ஒரு தடவைகூட சொல்லல, ஆர்லி."

"நேத்து சொன்னியே."

"அது... வாய் தவறிடுச்சு. பன்னிரண்டு வருஷமா அந்த ரூம்ல உக்காந்திருக்கேன். ஒருத்தனும் என் பேச்சைக் காது குடுத்துக் கேட்டதில்ல. முதல் தடவையா எல்லாரும் கேட்டாங்க. விட மனசு வரல."

"நானும் கேட்டேனே கர்ட். ரெண்டு மாசமா உன் பேச்சை மட்டும்தான் கேட்டேன்."

அவன் மன்னிப்பு என்று ஆரம்பித்தான். ஓடும் இயந்திரப் பட்டையில் சீஸ் கட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவள் அவற்றை அடுக்க ஆரம்பித்தாள். இயந்திரச் சத்தத்தில் அவன் சொன்னது காதில் விழவில்லை. அவளும் திரும்பச் சொல் என்று கேட்கவில்லை. விக் போனபோது அவளுக்குக் கோபம் வந்தது. இதற்குக் கோபம்கூட வரவில்லை; கூட இருந்தவன் என்று நினைத்த ஒருத்தன் கூடவே இருந்ததில்லை என்றால் யார்மேல் கோபப்படுவது?

மே மாதம் மறுபடி காய்ச்சினாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்து வைத்துக்கொண்டாள். ஆறாம் நாள் மேலே வெள்ளையாக ஏடு மாதிரி படர்ந்தது. புத்தகத்தில் அதைப் பற்றி இல்லை. தொலைபேசியை எடுத்தாள், விரல் தானாகக் கர்ட் வீட்டு எண்ணில் முதல் மூன்றைச் சுற்றிவிட்டது. வைத்துவிட்டாள். இரண்டு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தபோது வினிகர் வாடை மூக்கில் ஏறியது. ஐந்து கேலனையும் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி மில்வாக்கிக்குப் போனாள். அங்கே பீர் காய்ச்சும் சாமான் விற்கும் கடையில் முப்பது வயதிருக்கும் ஒருத்தி கல்லாவில் நின்றாள். ஆர்லீன் ஈஸ்ட் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். காசு கொடுத்தாள். பிறகும் நின்றாள்.

"வேற ஏதாவது வேணுமாங்க?"

"ஒரு சந்தேகம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லும்மா. நான் கேக்கறத வெளியில யார்கிட்டயாவது சொல்லுவியா?"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பீரைப் பத்தியா?"

"பீரைப் பத்தித்தான்."

"இதை யார்கிட்டங்க போய்ச் சொல்லப் போறேன்?"

ஆர்லீன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முகம்தான். கர்ட்டின் முகமும் நல்ல முகம்தான். பின்னால் ஒருவர் வரிசையில் வந்து நின்றார்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் சாவியைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றவர் தன் சாமானோடு வெளியே வந்து போனார். கடை காலியானது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"மேல வெள்ளையா ஏடு மாதிரி படர்ந்துச்சு" என்றாள், உள்ளே நுழைந்ததுமே, மேசையை எட்டுவதற்கு முன்பே. "நான் என்ன தப்பு பண்ணினேன்?"