ஆறு பப்பும் ஒரு மாப்பிள்ளையும்

ஞாயிறு பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாருக்கு முடிவு சொல்லியாக வேண்டும். லண்டன் டூட்டிங்கில் இருக்கும் அருள்நேசனிடம் மிச்சமிருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

மகள் றொசாந்திக்குக் கொட்வினைப் பிடித்துவிட்டது. மனைவி இம்மாகுலேற்றுக்கு அதற்கு முன்பே பிடித்துவிட்டது. பங்குத் தந்தையை விசாரித்தாயிற்று, படித்த பள்ளியை விசாரித்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. ரயில் பாதை முடிகிற ஊரில் நூலக வேலை. தனியாக இருக்கிறான். அந்தத் ‘தனியாக’தான் அருள்நேசனின் தூக்கத்தைக் கெடுத்தது.

“தனிய இருக்கிற பெடியன் குடிக்கிறானோ இல்லையோ எண்டு ஆரைக் கேக்கிறது? ஊரிலையெண்டா தவறணைக்காரனை ஒரு சொல்லுக் கேட்டாப் போதும்.”

“இஞ்சையும் தவறணை இருக்குத்தானே. பப்பிலை போய்க் கேளுங்கோவன்!” இம்மாகுலேற் எரிச்சலில் சொன்னாள். அவர் அதைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

கொட்வினின் ஊருக்குப் போவது, லண்டன் விளிம்பில் கிளம்பிப் பச்சைக் குன்றுகளுக்குள் நுழைகிற கிளைப்பாதை. மணிக்கு ஒரு ரயில். ஆறு நிலையங்கள், நிலையத்துக்கு ஒரு பழைய பப். இன்ன இடத்தில் இறங்கு, இன்ன பப்பில் குடி, இன்ன காற்றாலையைப் பார் என்று ரயில்காரர்களே துண்டுப் பிரசுரம் அடித்து வைத்திருந்தார்கள்.

முதல் பப்பில் தாழ்ந்த கூரை உத்தரம் நெற்றியில் இடித்தது. சும்மா கேட்பது மரியாதை இல்லையென்று ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கினார். கொட்வினா? கேள்விப்பட்டதே இல்லை என்றாள் கடைக்காரி. அடுத்த ரயில்வரை காற்றாலையைப் பார்த்தார்.

இரண்டாவது பப்பிலும் தெரியாது என்றார்கள். அந்தத் தெம்பில், “என் மகளைக் கட்டப்போகிற பையன், அதுதான் கேட்கிறேன்” என்று வாயை விட்டுவிட்டார். அங்கேதான் காரியம் கெட்டது. கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அருள்நேசன் குளத்து வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பாதை நெடுக மற்ற பப்புகளுக்குப் போன் பறந்தது. ஒரு நல்ல பையனின் கல்யாணம் நம் கையில் இருக்கிறது!

மூன்றாவது பப்பில் ஜூஸ் ஊற்றித் தயாராக இருந்தது. “கொட்வினின் மாமனார்தானே? தங்கமான பையன்! வெள்ளி மாலை ஏழு மணிக்கு வந்தால் கடை மூடும்வரை அசைய மாட்டான்.”

நான்காவது பப்பில், வெள்ளி மாலை ஏழு மணிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவன்தான் பியர் வாங்கிக் கொடுக்கிறான். ஐந்தாவதில், அதே ஏழு மணிக்குப் பன்னிரண்டு பைன்ட் பியர் குடித்துவிட்டு மேசைமேல் ஏறிப் பாடுகிறான். “பன்னிரண்டுக்குப் பிறகும் கால் தடுமாறாது!” என்று கடைக்காரர் நெஞ்சைத் தட்டினார். அவருடைய தொழிலில் அதற்குமேல் நற்சான்றிதழ் கிடையாது.

அருள்நேசன் வீட்டுக்குப் போன் போட்டார். “இம்மா, கலியாணம் வேண்டாம். ஒரே நேரத்தில மூண்டு இடத்தில நிண்டு குடிக்கிறான்!”

“ஒரே நேரத்தில ரண்டு இடத்தில நிண்டவர் புனித அந்தோனியார். இவன் அவரையும் தாண்டிட்டானோ? நீங்கள் என்ன குடிச்சனீங்கள்?”

“ஜூஸ். அஞ்சு.”

“வீட்டை வாங்கோ.”

வரவில்லை. கடைசி பப்பையும் பார்த்துவிடுவது என்று போனார். அங்கே தாடிக்காரக் கடைக்காரர், “கொட்வின் எனக்கு மகன் மாதிரி” என்று தொடங்கும்போதே கதவு திறந்தது. டை கட்டிய இளைஞன் ஒருவன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

“வாங்க சார், முதல் தடவையா?” என்றார் கடைக்காரர். “உட்காருங்கள். இவரிடம் கொட்வினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.”

“நான்தான் கொட்வின்.”

கடைக்காரர் கண்ணிமைக்கவில்லை. “மீசையை எடுத்துவிட்டாயா, மகனே?”

அருள்நேசனுக்கு மூன்று பப்பின் கதையும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. “தம்பி! நீர் இஞ்சை வாறனீரோ?”

“இந்தக் கதவையே இண்டைக்குத்தான் திறக்கிறன், மாமா. அப்பா அனுப்பினவர். எங்கட ரண்டு வீட்டுக்கும் தெரிஞ்ச சூசைதாசன் அங்கிள்தான் இந்த ரெயின்ல கார்ட். நீங்கள் காலையிலயிருந்து ஸ்டேஷன் ஸ்டேஷனா இறங்கிப் பப்புக்குள்ளை போறதைப் பாத்து அப்பாவுக்குப் போன் அடிச்சிட்டார். மாமனார் குடிகாரரெண்டால் சம்பந்தம் வேண்டாமாம்.”

“ஐயோ, நான் தொடுறதே இல்லை! இவரைக் கேட்டுப் பாரும்!”

பேச்சு விளங்காவிட்டாலும், பையன் பெரியவரை விசாரிக்கிறான் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. பாசத்தோடு அருள்நேசனின் தோளில் கைபோட்டார். “இவரா? இருபது வருஷப் பழக்கம். என் சிறந்த வாடிக்கையாளர்!”

இருவரும் நிலையத்துக்கு ஓடினார்கள். ரயில் வாசலில் விசிலோடு நின்ற சூசைதாசன், இப்போது இருவரும் பப்பிலிருந்து சேர்ந்து வருவதைக் கண்டு போனை எடுத்தார்.

“பொறும், சூசை! ரண்டு பேரும் குடிக்கேல்லை!”

“கதை வேண்டாம். உந்த மஞ்சள் கோட்டிலை நடந்து காட்டுங்கோ.”

பிளாட்பாரக் கோட்டில் அருள்நேசன் முன்னே, கொட்வின் பின்னே, கைகளை விரித்தபடி கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பினார்கள். ஜன்னல்களில் முகங்கள் நிறைந்தன. ஒரு கிழவி கைதட்டினாள்.

“நேராத்தான் நடக்கினம், கிறிஸ்துராஜா அண்ணை,” என்றார் சூசைதாசன் போனில், கொட்வினின் அப்பாவிடம். “ரண்டு பேரும். நீங்கள் மண்டபத்தைப் பாருங்கோ.”

பிறகு பெட்டிக்குள் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்து, திருமணப் பேச்சு ஒன்றின் காரணமாக ரயில் நான்கு நிமிடம் தாமதம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அறிவித்தார்.