சுண்ணாம்புத் தழும்பு

"அம்மை குத்துன தழும்பு உள்ளவங்க மட்டும் உள்ள வாங்க. மத்தவுக வாசலோட நில்லுங்க" என்று பள்ளிவாசல் மோதினார் சொன்னபோது, முனீர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, இலந்தை இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை விளாவிக்கொண்டிருந்தான். வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று அவனுடைய கால்கள் இரண்டும் அவனைக் கேட்காமலே ஆலோசனை நடத்தின. அதற்குள் யாரோ அவன் இடது கையைப் பார்த்துவிட்டார்கள்.

"நம்ம முனீருக்கு இருக்கே! பழைய காலணா கெணக்கா வட்டமா இருக்கு பாருங்க. நீ போப்பா. கூடப்பொறந்தவன் வேற."

மையத்து வீட்டில், அதுவும் சொந்த அண்ணன் மீரானின் மையத்தைக் குளிப்பாட்ட, நான் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? போனான்.

மோதினாருக்குத் தழும்பு கையில் இல்லை. முகம் பூராவும் இருந்தது. சிறு வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவர். ஒரு முறை வந்துபோன உடம்பில் அது மறுபடி கால் வைக்காது என்பது பேகம்பூருக்கே தெரியும். அதனால் அவர் பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முனீருக்கு முகத்திலும் இல்லை, உண்மையைச் சொன்னால் கையில் இருந்ததும் அம்மைத் தழும்பு இல்லை. அது அவனுக்கும் அல்லாவுக்கும் மட்டும் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவர் பலகை மேல் கிடந்தார்.

"தேய்ச்சிராதப்பா, தோலு கையோட வந்துரும். தண்ணிய ஊத்து, அது போதும்."

முனீர் மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றினான். நெஞ்சு முட்டியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒரு மூச்சு வாங்கினான். மறுபடி அடக்கினான், ஊற்றினான், திரும்பினான்.

"அழுவாதப்பா" என்றார் மோதினார்.

அழுகிறவன் மாதிரி இருந்தது அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று. அண்ணன் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்தால் அடையாளம் தெரியாதோ என்று பயம். தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். கைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது. மேலெல்லாம் முத்து முத்தாய் அப்பிக் கிடந்தும் இடது கையில் அந்த வட்டம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அவன் கையிலிருந்த அதே வட்டம். அவன் போட்டுவிட்ட வட்டம்.

அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தோலுக்கு விலை பேசும்போது மீரானின் குரல் சந்தை தாண்டிக் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதர், நகராட்சியிலிருந்து அம்மை குத்த வருகிறார்கள் என்றதும் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டை அடுக்கிய கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டார். அழுத்தித் திருகுகிற அந்த இரும்பைக் கண்டால் அவருக்கு அவ்வளவு பயம். முனீருக்கு மட்டும் என்ன, அதே பயம்தான். ஆனால் அவனுக்கு மூளை இருந்தது, அதுதான் கேடு. சுண்ணாம்புக் குழியில் ஒரு சொட்டுத் தெறித்தால் தோல் வெந்து வட்டமாய்த் தழும்பு விழும் என்பது ஷாப்பில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு சொட்டை எடுத்துக் கையில் வைத்து, மேலே வெற்றிலை கட்டிக்கொண்டான்.

"எனக்கும் ஒண்ணு போட்டு விடுடா அப்பு" என்று கையை நீட்டினார் அண்ணன்.

ஊசி என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். இது பல நாள் எரிந்தது. அடுத்த முறை வந்த ஆட்கள் இருவர் கையையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெரு முக்குத் திரும்பியதும் அண்ணனும் தம்பியும் அடுக்கி வைத்த தோல் அட்டியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். முனீர் செய்த வேடிக்கைகளில், செய்த பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிய முடியாமல் போனது இது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்து வந்ததும் முனீர் குளித்தான். மறுபடி குளித்தான். பிறகு வாளித் தண்ணீரில் பினாயில் ஊற்றி, அதிலும் ஒரு குளியல் போட்டான். கழுத்தில் ஏதோ அரித்தது. கொசுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தான். பார்க்கப் பார்க்க அது பெரிதாவது போலிருந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, ரோசலின் குடையை மடக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நகராட்சியிலிருந்து அம்மை குத்த வருகிறவள். பின்னாலேயே இடுப்பில் பிள்ளைகளோடு தெருப் பெண்கள் சிலர் வந்தார்கள்.

நிலைப்படியில் ரம்ஜான் பீவி வழியை மறித்து நின்றாள். மீரானின் மாமியார். மருமகனுக்கு முத்து போட்ட அன்றே பேத்தி காதர் பீவியைத் தாடிக்கொம்புக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவள், இன்று காலைதான் அவளுடைய அத்தா மீரானின் முகத்தைப் பார்க்கக் கூட்டி வந்திருந்தாள்.

"எதுக்கு வந்த தாயி? குத்திக்கிட்ட மனுசனே போயிட்டாரு. தழும்ப ஊரே பாத்துச்சு. அப்பறம் என்னத்துக்கு இந்தப் பச்சப்புள்ளயப் புண்ணாக்கணும்?"

"அவருக்கு ஏன் அப்பிடி ஆச்சுன்னு எனக்கே வெளங்கலம்மா" என்றாள் ரோசலின். "ஆனா இந்தப் புள்ள காலையில அவருக்கு முத்தம் குடுத்திருக்கு. இன்னைக்கே குத்திட்டா, நோய் கெளம்புறதுக்கு முந்தி ஒடம்பு முழிச்சுக்கிரும். தள்ளிப் போட்டீங்கன்னா எங்கையில இல்ல."

"இவரு ஒடம்பு முழிச்சுக்கிட்ட லச்சணத்தத்தான் பாத்தோமே!"

வந்த பெண்களில் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். இன்னொருத்தியும் திரும்பினாள். காதர் பீவி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முன்பல் விழுந்த வாய். அண்ணனின் அதே காது.

முனீர் எழுந்து நின்றான். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காலையில்தான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான்.

"மாமி, அது அம்மை குத்துன தழும்பு இல்ல. சுண்ணாம்பு. ஊசிக்குப் பயந்துக்கிட்டு ஷாப்புல நாங்களே வச்சுக்கிட்டது."

ரம்ஜான் பீவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மையத்து எடுத்த வீட்டுலயுமாடா ஓன் கூத்து?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். அவள் மேல் தப்பில்லை. உண்மை சொல்வதற்கென்று அவனிடம் தனி முகம் கிடையாது. இருந்தது ஒன்றுதான், அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தெருவுக்கே பழகிப்போயிருந்தது.

அவன் பெஞ்சை இழுத்து ரோசலின் எதிரில் போட்டு உட்கார்ந்தான். வலது சட்டைக் கையைத் தோள் வரை ஏற்றினான்.

"எனக்குக் குத்துங்க நர்சம்மா. எனக்குக் குத்தல. ஒரு தடவகூடக் குத்தல. அவரக் குளிப்பாட்டுனது நாந்தான்..."

ரம்ஜான் பீவி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். முனீரின் பற்கள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். ரோசலின் மருந்துத் துளியை வைத்து, இரும்பை அழுத்தித் திருகினாள். இவ்வளவுதானா என்றிருந்தது அவனுக்கு. இந்த இம்மியளவு வலிக்குத்தானா?

உள்ளே, புருசனை இழந்தவள் ஒதுங்கி இத்தா இருக்கும் அறையின் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. குர்ஷித் பேகம். மீரானின் மனைவி.

"அந்தச் சுண்ணாம்ப வச்சப்ப அவருக்கு எரிஞ்சுச்சா?"

முனீர் எழுந்து போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்றான்.

"எரிஞ்சுச்சு அண்ணி."

"ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே கெடந்தாரு. குத்துனா அப்பிடித்தான் எரியும்னாரு. நாந்தான் தேங்காண்ணெ போட்டு விட்டேன்."

அவன் காத்திருந்தான். வசவு வரும், சாபம் வரும். வந்தால் தேவலை. திரைத்துணியில் அச்சடித்திருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளே வளையல் சத்தம்கூட இல்லை. வளையல்களைக் காலையிலேயே கழற்றிவிட்டார்கள்.

"அந்தம்மாவ உள்ள வரச் சொல்லுங்க" என்றாள். "பாப்பாவையும்."

ரம்ஜான் பீவி வழி விட்டாள். கொஞ்ச நேரத்தில் காதர் பீவியின் கத்தல் தெருமுக்கு வரை போயிற்று. திரும்பிப் போன பெண்களில் ஒருத்தி அங்கே நின்றிருந்தாள். மெதுவாக வந்து ரோசலினின் குடைக்குப் பக்கத்தில் பிள்ளையை இறக்கிவிட்டாள்.

"காயிற வரைக்கும் தொடாதீங்க. குத்துன எடத்துல ஒரு கொப்புளம் கெளம்பணும்" என்றாள் வெளியே வந்த ரோசலின். "கெளம்புனாத்தான் மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம். இல்லேன்னா மறுபடியும் வருவேன்."

எந்தக் கொப்புளத்தைக் கண்டு வீடே நடுங்கியதோ, அதில் ஒன்றே ஒன்று வரவேண்டுமே என்று இனி ஐந்து வேளையும் தொழுது கேட்க வேண்டியதுதான். வருமா? முனீர் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அரிப்பு அப்படியேதான் இருந்தது.

காதர் பீவி கையை உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடி வந்து பெஞ்சில் ஏறினாள்.

"தள்ளி ஒக்காரு தாயி" என்று அவன் மறு ஓரத்துக்கு நகர்ந்தான். அவளும் நகர்ந்து வந்தாள். பெஞ்சு அத்தோடு முடிந்தது.

"காயணுமாம் சின்னத்தா. ஊதி விடு."

அவன் ஊதினான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான் என்று அவள் அவன் வாயையே பார்த்தாள். அவன் ஊதிக்கொண்டேயிருந்தான்.

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அவள் எட்டி அவன் கையில் ஊத ஆரம்பித்தாள். முன்பல் இல்லாததால் காற்று பாதி வேறெங்கோ போயிற்று. அவன் தோளைச் சாய்த்து, அவள் வாய்க்கு எட்டுகிற மாதிரி கையைத் தாழ்த்திக் கொடுத்தான்.