காற்று மறைவில் நிறுத்திய வண்டி

சுரேஷ் கிளம்பி வருவதற்கு முந்தின நாள் காலையில், கோமளா தலையணை உறைகளை இரண்டாவது முறையாகத் துவைத்துக் கொடியில் போட்டாள். முதல் முறை துவைத்தது போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் அப்படித் தோன்றியது. எதையும் ஒருமுறை செய்தால் செய்த மாதிரி இருக்காது அவளுக்கு. அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போய், மறுபடி வந்து அணைந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

"இன்னா கோமளா, தலகாணிக்கு இன்னிக்கும் குளியலா?" என்றாள் பக்கத்து வீட்டு வினோதினி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

"தூசி படிஞ்சிருந்துதுக்கா."

"படியும், படியும். எட்டு மாசத் தூசியாச்சே."

கோமளா தலையைக் குனிந்துகொண்டு உறையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் சுரேஷ் ஜப்பானுக்குப் போய்விட்டான். அந்த நாட்டின் வடக்கே ஹொக்கைடோ என்றொரு தீவு. அங்கே கடலோர ஊர் ஒன்றில், சிப்பி உரித்து டப்பாவில் அடைக்கும் ஷெட்டில் வேலை. ஒன்றரை மாதத்தில் ஒரு மனுஷனைப் பற்றி எவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடியும்? அவன் குரல் இப்போது நன்றாகப் பழகிவிட்டது. பொய்யாகச் சிரிக்கிறானா, நிஜமாகச் சிரிக்கிறானா என்று போனிலேயே தெரியும். ஆனால் பக்கத்தில் நின்றால் அவள் தலை அவன் தோளுக்கு வருமா, காதுக்கு வருமா என்பது மறந்துபோயிருந்தது. கல்யாண போட்டோவைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், போட்டோக்காரர் அவளைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்.

இங்கிலீஷ் புது வருஷத்துக்கு ஷெட்டை ஒரு வாரம் மூடுவார்கள். அந்த ஒரு வாரம்தான். அதை விட்டால் அடுத்த லீவு ஆடிக் கடைசியில்.

"அங்க ஐஸா கொட்டுதாமே?" வினோதினி போகாமல் நின்றாள். "நம்ம மீன்பொட்டியில போடறோமே, அந்த ஐஸ வானத்துலேர்ந்து வாரிப் போடறாங்கன்னு உன் மாமியாரு ஊரெல்லாம் சொல்லிகினு கீது."

"அது ஐஸு மாதிரி இல்லக்கா. பஞ்சு மாதிரி இருக்கும்னாரு."

"பஞ்சோ ஐஸோ, ஆளு விறைச்சுப் போவாம வந்தா சரி."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போன் வந்தது. அங்கே அப்போது மூன்று மணி. கடிகாரம் அங்கே மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மாமனார் மாசிலாமணி கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துவைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் எல்லம்மா, மகனுக்குப் பிடிக்கும் என்று எடுத்து வைத்திருந்த மடவைக் கருவாட்டை முறத்தில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சுரேஷ் போனைத் திருப்பித் தான் இருக்கும் இடத்தைக் காட்டினான். ஒரு மேட்டின் மேல் தகர வீடு. அதில் அவனும் கூட வேலை செய்யும் வியட்நாம்காரன் ஒருவனும் தங்கியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய தகரக் கொட்டகை. முன்னால் சரளைக்கல் போட்ட வெட்டவெளி. அதன் நடுவில் கம்பெனி கொடுத்திருந்த சின்ன வேன். எல்லாவற்றின் மேலும் வெள்ளை. சாம்பல் நிற வானத்திலிருந்து அது இன்னும் சாய்ந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது.

"ராத்திரிக்குப் புயல் பனியாம்," என்றான். "டிவில மேப்பு மொத்தமும் செவப்பா காட்டறான். விடிஞ்சதும் கூட இருக்கற இவன்தான் என்னிய வேன்ல ரயிலடிக்கு இட்டுகினு போவணும். அந்த ஒரு ரயில விட்டா ஏரோபிளேனு கெடைக்காது."

"அப்ப பத்திரமா இருங்க," என்றாள் கோமளா. சொன்னதும் அது ஒன்றும் உதவாத பேச்சு என்று தோன்றியது.

"எனக்கு இன்னா? வண்டிதான் யோசனையா இருக்குது. வெட்டவெளியில நிக்குது. கடல்லேர்ந்து காத்து நேரா வந்து அறையுது பாரு. இவனுக்கும் இது மொதப் பனி, எனக்கும் மொதப் பனி. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வெளங்கல."

மாசிலாமணி வலையை விட்டுவிட்டு எழுந்து வந்து போனை வாங்கினார். "காத்து எந்தப் பக்கம்?"

"வடமேற்கு, நைனா."

"இதுல இன்னாத்த யோசிக்கிற? கொட்டாய்க்கு அந்தாண்ட தள்ளி, காத்து மறைவுல போடு. நம்ம ஏரியில வாடை எழும்புனா படக எங்க கட்டுவ? திட்டு மறைவுலதான? வெளிநாடு போனதும் அதுகூட மறந்துட்டுதா?"

"மறக்கல நைனா. சும்மா கேட்டேன்."

கோமளாவுக்கு வாய்வரை ஒன்று வந்தது. அவள் பிறந்த ஊர் இந்த ஊரைப் போல ஏரிக்கரை இல்லை. காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த குப்பம். அங்கே வாடைக்காற்று நாட்களில் அவள் அப்பா படகைச் சவுக்கு வேலிக்குப் பின்னால் நிறுத்தவே மாட்டார். ஏன் மாட்டார் என்று நினைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். மணல். ஆனால் அது மணல், இது பனி. பனி என்றால் தண்ணீர்தானே? புயலில் தண்ணீருக்கு மறைவு நல்லதுதானே? பார்த்தே இராத ஒன்றைப் பற்றி மாமனாருக்கு எதிரே தான் என்ன சொல்வது?

"நீ இன்னா சொல்ற, கோமளா?" என்றான் சுரேஷ்.

அவன் எப்போதும் அப்படிக் கேட்பான். சட்டை எடுத்தாலும், அனுப்பும் பணத்தில் எதை வாங்கலாம் என்றாலும், கடைசியில் அவளைக் கேட்பான். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் கேள்வி வந்து சேரும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே எங்கோ சூடாக இருக்கும். இப்போது மாமியாரும் முறத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா சொல்றதுதான் சரி," என்றாள். "மறைவுலயே போடுங்க."

"நீ சொல்லிட்ட இல்ல, போட்டுடறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அந்த வார்த்தையை அவள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். நீ சொல்லிட்ட இல்ல.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே போன் அடித்தது. மாசிலாமணி ஏரிக்குப் போய்விட்டிருந்தார். கிளம்பிவிட்டேன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்துத்தான் எடுத்தாள். சுரேஷின் முகம் மட்டும் தெரிந்தது. மூக்கு சிவந்திருந்தது. அவன் போனைத் திருப்பினான்.

அங்கே நன்றாக விடிந்திருந்தது. முதலில் வெட்டவெளியைக் காட்டினான். நேற்று வேன் நின்ற இடத்தில் சரளைக்கல் கறுப்பாகத் தெரிந்தது. காற்று பெருக்கி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. பிறகு கொட்டகைக்கு அந்தப் பக்கம் திரும்பினான். கொட்டகையின் கூரை விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு குன்று சரிந்து இறங்கியிருந்தது. வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

"வண்டி?" என்றாள் கோமளா.

"அதுக்குள்ள."

அந்தச் சரிவை அவளுக்குத் தெரியும். அப்படியே தெரியும். சவுக்கு வேலிக்குப் பின்னால் இதே வளைவோடு, உச்சியில் இதே மெல்லிய விளிம்போடு மணல் குவிந்திருக்கும். காற்று வேகமாக வரும்வரை மணலைச் சுமந்துகொண்டு வரும். மறைவுக்கு வந்ததும் வேகம் குறைந்து, சுமையை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அதனால்தான் அப்பா படகை வெட்டவெளியிலேயே கயிறு போட்டு விட்டுவிடுவார். மீறி நிறுத்திய ஒருவரின் படகை ஊரே சேர்ந்து தோண்டியதைச் சின்ன வயதில் அவள் பார்த்திருந்தாள்.

"மேல ஏறித் தோண்டாதீங்க," என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "சரிஞ்சு சரிஞ்சு மூடிகினே இருக்கும். வண்டி மூஞ்சி எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம்."

"அப்ப அந்தாண்டலேர்ந்து வாங்க. வாய்க்கால் வெட்டற மாதிரி தரையோட வெட்டிகினே வாங்க. சக்கரம் வர்ற அகலம் போதும். முழுசா எடுக்கணும்னு இல்ல."

போனை ஜன்னல் கட்டையில் சாய்த்துவிட்டு அவர்கள் இருவரும் பனி அள்ளும் அகலமான பிளாஸ்டிக் வாரிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். வியட்நாம்காரன் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"இன்னா சொல்றாரு?"

"இது யாரு, சூப்பர்வைசரான்னு கேக்கறான்."

எல்லம்மா தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். "இன்னா, கெளம்பிட்டானா?"

"தோண்டிகினு இருக்காரு அத்த."

"இன்னாத்தத் தோண்டறான், விடியக் காலையில?"

கோமளா போனைக் காட்டினாள். எல்லம்மா வெகுநேரம் பார்த்தாள். "எவன் அங்க போடச் சொன்னது?"

"நான்தான் அத்த."

"ஆமா. உன் மாமனாரு சொன்னாரு, நீ தலையாட்டின. நானும் கேட்டுகினுதான குந்தியிருந்தேன்? எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?" அவள் சேலைத் தலைப்பால் போன் திரையைத் துடைத்தாள், பனி அதன் மேல்தான் விழுகிறது என்பது போல. "சீக்கிரம் வாருடா சுரேசு. கையில உறையாவது போட்டுக்க."

முதலில் வேனின் முன் விளக்கு ஒன்று தெரிந்தது. பிறகு முகப்பு. கதவை ஆளுக்கொரு பக்கம் நெம்பித் திறந்து வியட்நாம்காரன் உள்ளே நுழைந்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை.

"சாக்கு இருக்குதா? சாக்கு போடுங்க," என்றாள் கோமளா. சாக்கு இல்லை. சுரேஷ் ஓடிப்போய் வாசலில் கிடந்த மிதியடியையும் கட்டிலுக்கடியில் விரித்திருந்த பாயையும் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தான். வேன் ஒரு குதி குதித்து வெளியே வந்தது. எல்லம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் ரோட்டு முனையில் இன்னொன்று இருந்தது. பெரிய ரோட்டில் பனியைத் தள்ளிக்கொண்டு போன அரசாங்க வண்டி, அதை அவர்கள் சந்தின் வாயில் கரையாக ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. இது பஞ்சாக இல்லை, கட்டியாக இருந்தது. வாரி அதில் இறங்கவில்லை. அவர்கள் மாறி மாறி இடித்தார்கள். கோமளாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த மாதிரி மணல் அவர்கள் ஊரில் கிடையாது.

கரையில் வேன் நுழையும் அளவுக்கு வாய் திறந்தபோது சுரேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வாரியை நட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டான். பிறகு நடந்து வந்து போனை எடுத்தான்.

"ரயில் போயிட்டிருக்கும், கோமளா."

"பனியில நின்னுருக்காதா?"

"இவன் போன் போட்டுக் கேட்டான். நேரத்துக்குக் கெளம்பிடுச்சாம்."

"அடுத்தது?"

"மத்தியானம். அது போய்ச் சேர்றதுக்குள்ள ஏரோபிளேனு போயிடும். புது வருஷக் கூட்டம், வேற எதுலயும் சீட்டு இல்ல. ராத்திரியே பாத்து வச்சேன், எதுக்கும் இருக்கட்டும்னு."

எல்லம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரம் ஒன்று தேவையில்லாமல் இடம் மாறும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் கோமளா. "எங்க ஊர்ல மணல் இப்படித்தான் மறைவுல வந்து குந்தும். நேத்து வாய்வரைக்கும் வந்துது. சொல்லல."

"ஏன் சொல்லல?"

"தப்பா இருந்தா?"

அவன் கீழே பார்த்துக் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "தப்பா இருந்தா ரெண்டு பேருமா சேந்து தப்பு பண்ணியிருப்போம். இப்பவும் அதத்தான பண்ணிகினு நிக்கறோம்."

அவள் சிரிக்க முயன்றாள். ஆடிக் கடைசி என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனசு எண்ணத் தொடங்கியது. தை, மாசி, பங்குனி என்று போய்ச் சித்திரையிலேயே நின்றுவிட்டது.

ஏரியிலிருந்து மாசிலாமணி வந்துவிட்டார். வாசலில் கூடையை இறக்கிவிட்டு, கோமளா முகத்தையும் போனில் மகன் முகத்தையும் பார்த்தார். எல்லம்மா அவரை அடுப்படிக்குள் கூப்பிட்டாள். தணிந்த குரலில் பேச்சு நடந்தது. அவர் வெளியே வரவில்லை.

"இன்னிக்கு ராத்திரியும் பெய்யுமாம்," என்றான் சுரேஷ். "வாசல்ல பனிய வாரணும். இல்லன்னா நாளைக்குக் கதவத் தெறக்க முடியாது. போனை வச்சுடட்டுமா?"

"வைக்காதீங்க. எங்கியாச்சும் சாத்தி வையுங்க."

அவன் போனை வேனின் முகப்பில், கண்ணாடியோடு சேர்த்துச் சாய்த்தான். இவள் தன் போனை அரிசி டின்னில் சாய்த்துவிட்டு, கூடையை இழுத்து, அரிவாள்மனையில் உட்கார்ந்தாள். கூடையில் பச்சை மடவை, வாலில் இன்னும் துடிப்போடு. அங்கே அவன் வாரி வாரி எறிந்தான். எறிந்ததில் பாதியைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து அவன் முகத்திலேயே போட்டது.

"அந்தாண்ட போடாதீங்க," என்றாள்.

"பின்ன எங்க?"

"காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. இப்ப போடுங்க."

அவன் திரும்பி நின்றான். கடல் போனுக்குப் பின்னால் இருந்ததால், காற்றுக்குக் காட்டிய முதுகு அவளுக்கும் முதுகாக ஆகிவிட்டது. இனி முகம் தெரியாது. அவள் ஒரு மீனை எடுத்துச் செதிலைச் சீவினாள், அந்த முதுகு குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே.