பின்மலைச் சம்பந்தம்

பின்மலையார் பேசும்போது சத்தம் முதலில் வரும், உதடு பிறகுதான் அசையும். திருத்தணியில் இதை இப்போது யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. கோயில் மலைக்கு மேற்கே, புல்கூட முளைக்காமல் நிற்கும் மொட்டைப் பாறைதான் பின்மலை. அதன் அடியிலிருந்து அவர்கள் எப்போது வெளியே வந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். பார்க்க நம்மைப் போலத்தான் இருப்பார்கள். முழங்கை இரண்டு பக்கமும் மடங்கும், மழை அவர்களை விட்டு விலகிப் பெய்யும், அவர்களில் குழந்தையும் இல்லை கிழமும் இல்லை, எல்லோருக்கும் எப்போதும் நாற்பது வயது. மற்றபடி தொந்தரவில்லாத ஜனங்கள். சந்தையில் கல்லுப்பு மட்டும் வாங்குவார்கள்; திருப்பதி பஸ்ஸில் ஏறினால் யாருக்காவது சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். மலைக்கு அடியில் தங்கள் பெரியவர் உலகம் தோன்றும் முன்பிருந்தே தூங்குகிறார், அவர் எழுந்திருக்கும்வரை காத்திருப்பதுதான் தங்கள் வேலை என்று டீக்கடையில் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயிலுக்கும் மழைக்கும் காத்திருந்தே பழகியவர்களுக்கு, வேறு யார் எதற்காகக் காத்திருந்தால் என்ன?

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் கோதண்டபாணியும் அவர் மனைவி வரலட்சுமியும் தங்கள் ஒரே மகள் தேவயானிக்கு மொட்டையடித்துக் காது குத்த மலைக்கு வந்த அன்றுதான் வினை ஆரம்பித்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? வரலட்சுமிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதனால் அவளுடைய பெரியப்பா மகன் குணசேகரனைச் சொல்லி வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து கூப்பிடாமல் போனில் சொல்லிவிட்டார்கள் என்று அவர் முறுக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி கையில் கம்பியோடு அவசரப்பட்டார். குழந்தையின் அலறலில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தே போய்விட்டன. ஓரமாக ஒரு பின்மலையார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு டீக்கடையில் சிங்காரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமன் இல்லாத வீடு மடியை இரவல் வாங்குவது நம் பக்கத்தில் நடப்பதுதான். கோதண்டபாணி அவரிடம் போய், "அண்ணா, கொஞ்சம் கொழந்தைய மடியில வச்சிக்குங்க, இதோ முடிஞ்சிடும்" என்றார். அந்த மடியில் உட்கார்ந்ததும் குழந்தை கப்சிப். காது குத்தி முடிந்த பிறகு சிங்காரம், "நான் இப்ப யாரு?" என்று கேட்டார். "மாமன்தாங்க, வேற யாரு?" என்று கோதண்டபாணி மரியாதைக்குச் சிரித்து வைத்தார். மாமன் என்று சிங்காரம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அன்று அவர் உதடு அசைய வழக்கத்தைவிட வெகு நேரமாயிற்று. அந்த இனத்தில் அதுவரை யாருக்கும் யாரும் உறவில்லை என்பது பாவம் கோதண்டபாணிக்குத் தெரியாது.

அந்த வருஷப் பொங்கலுக்கே சீர் வந்துவிட்டது. அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு, பின்மலையார் வரிசையாக அம்மையார்குப்பம் தெருவில் சத்தமில்லாமல் நடந்து வந்தார்கள். கோதண்டபாணி தறிக்காரர் ஆயிற்றே, புடவையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பாவும் இல்லை, ஊடையும் இல்லை, நெய்யாத துணி. சித்திரை வெயிலிலும் அது கிணற்றடி போல் சில்லென்றிருந்தது. ஆனாலும் சீர் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. கூடப்பிறந்தவனே எட்டிப் பார்க்காத காலத்தில் இப்படி ஒரு மாமனா என்று தெருப் பெண்களுக்குப் பொறாமை. வரலட்சுமி மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்த புடவைகளை பீரோவின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினாள், ஒன்றையும் கட்டவில்லை.

தேவயானி படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அவளாகவே சம்மதித்து, பள்ளிப்பட்டில் ஒரு வரன் பேசி முடியும் நேரத்தில் சிங்காரம் வந்தார். அதே நாற்பது வயது. முறை என்று ஒன்று இருக்கிறதே என்றார். தனக்குப் பிள்ளை இல்லை, பெரியவருக்குத்தான் பெண் கேட்கிறேன் என்றார். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். மாமன் ஒரு குறை வைக்கவில்லை, செய்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு இப்போது இல்லை என்றால் நியாயமா என்று முதலில் கேட்டவர் வேறு யாருமில்லை, குணசேகரன்தான். தேவயானியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நம்மவர்களும் பின்மலையாரும் ஒன்றுதான். கடைசியில் வரலட்சுமி எழுந்தாள். "ஆளு அனுப்பி கேட்டா குடுக்க மாட்டோம்ங்க. பொண்ணு வேணும்னா மாப்பிள்ளையே எங்க வாசலுக்கு வந்து நின்னு கேக்கணும். அதான் எங்க முறை" என்றாள். உலகம் தோன்றும் முன்பிருந்து தூங்குகிறவன் எங்கே எழுந்து வரப்போகிறான் என்பது அவள் கணக்கு. சிங்காரம் யோசிக்கவே இல்லை. "ஆங்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் தெருமுனை திரும்பும்போதுதான் உதடு அசைந்ததாம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள் மேலே நின்று பார்த்தபோது பின்மலை முன்பிருந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் மேற்கே தள்ளி நின்றது. முன்னால் இருந்த புளியமரங்களைக் காணோம். பாறை வந்த தடத்தில் மண் இஸ்திரி போட்டது போல் வழவழவென்று கிடந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து அளக்க வந்தவர்கள் அளந்து பார்த்துவிட்டு, மலை நகர்வது உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும் திசை அம்மையார்குப்பம் என்று தெரிந்ததும் வரலட்சுமி மகளை அம்பத்தூரில் நாத்தனார் தேவகி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அந்த வாரமே மலை கிழக்கே திரும்பி, கோயில் மலையைச் சுற்றிக்கொண்டு திருத்தணி ஊருக்குள் வர ஆரம்பித்தது. அடிவாரத்தில் பூ விற்கும் ஞானம்மாள் வீடுதான் முதலில் பாறைக்கு அடியில் போனது, அவள் உள்ளே இருக்கும்போதே. மறுநாள் காலையில் ஞானம்மாள் வழக்கம்போல் படிக்கட்டு ஓரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். சொந்த மருமகள் வந்து அழுதபோது யார் என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவள் உதடு அசைந்தது. பூவை மட்டும் முழம் குறையாமல் அளந்து கொடுத்தாள்.

ஞானம்மாளை யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவை அம்பத்தூரில் பார்த்த தேவயானி அடுத்த ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வரலட்சுமி அவளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி வந்த? உன்ன யாருடி வரச் சொன்னது?"

"நான் அங்க இருந்தா அது என்னைத் தேடிகினு அங்க வரும்மா. நடுவுல எத்தினி ஊரு கீது பாரு. திருவாலங்காடு, திருவள்ளூரு, ஆவடி. அத்தினி பேரும் ஞானம்மா மாதிரி ஆயிட்டா நான் எப்படிம்மா தூங்குவேன்?"

"போவட்டும்டி எல்லாரும்! எனக்கு நீ ஒருத்திதான்டி" என்று வரலட்சுமி தெருவே கேட்கக் கத்தி அழுதாள். யாரும் அவளைத் தப்பாக நினைக்கவில்லை. பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? கோதண்டபாணி தறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். "நீ தறிய ஓட்டு நைனா" என்றாள் மகள்.

மலை மறுபடி மேற்கே திரும்பியது. அன்றிலிருந்து தேவயானி வேலையை விட்டுவிட்டு, தினமும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் போனாள். ஒரு நாள் ஏரிக்கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பாள், ஒரு நாள் கரம்பு நிலத்தில். அவள் இருக்கும் பக்கமாக மலை வளையும். இப்படியே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து, ஒரு குடிசைமேலும் ஏறாமல், ஒரு கிணற்றையும் மூடாமல் அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாட்டை ஓட்டுவதுகூட இத்தனை சுலபமில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பள்ளிப்பட்டுப் பையன் ஒரு முறை வந்து தூரத்தில் நின்று பார்த்தான். அவள் கையசைத்தாள். அவனும் கையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது மலை அம்மையார்குப்பத்தில் தெருக்கோடிக்கு வந்துவிட்டது. மத்தியானமே நிழல் விழுந்துவிடுவதால் வெயிலுக்கு நூல் அறுவதில்லை என்று நெசவுக்காரர்களுக்குத் திருப்தி. கூடவே பின்மலையாரும் வந்து, வீட்டுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், சம்பந்தி வீட்டார் என்ற முறையில். பாறை மெல்ல ஏறி இறங்குகிறது. தூங்குகிறவன் மூச்சு அப்படி இருக்காது என்று பார்த்தாலே தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை வரலட்சுமி கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டு முன்சுவரைத் தானே இடித்தாள். கோதண்டபாணி தடுக்கப் போனார். "வாசலுக்கு வரச் சொன்னது நான்தான்" என்றாள். "அவ்ளோ பெரிசு நிக்க இந்த வாசல் பத்தாது, அதான் இடிக்கிறேன். அது உள்ள பூந்து வரக் கூடாது. வாசல்லயே நிக்கட்டும், நின்னு கேக்கட்டும். எம்பொண்ணு பதில் சொல்ற வரைக்கும் நான் அவ பக்கத்துல நிப்பேன். அவ போனா நானும் போவேன்." தேவயானி உடைந்த செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள். தெருக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பெண் கேட்டு வருகிற நாளில் உட்கார இடம் போதாமல் போய்விடக் கூடாது.