வாட்சுக்குச் சுழி பார்த்த சின்னண்ணன்

1

இந்தக் கதையை நான் மாவு மில்லில் கேட்டேன். சொன்னவர் கத்திக் கத்திச் சொன்னார்; மில்லும் கத்தியது. பாதிதான் காதில் விழுந்தது. விழாத பாதியை நானே போட்டிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், இப்போது எனக்கே தெரியாது.

2

ஆரம்பத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: "1978. வெண்ணந்தூரில் சூரியன் மெல்ல…"

[அடித்துவிட்டேன். சூரியனைப் பார்த்தே பொழுது தெரிகிற ஊரில் வாட்ச் கதை எப்படி நகரும்?]

நேராகவே வருகிறேன். சின்னண்ணன் விவசாயி. தங்கை வசந்தாமணிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை மணியன், சேலத்தில் ஆபீஸ் உத்தியோகம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தக் காலத்துச் சீமை வாட்ச். போலி என்றால் கல்யாணம் இல்லை.

லாரி ஓட்டும் சடையன் பம்பாயிலிருந்து ஒன்று கொண்டுவந்தான். "வெள்ளக்காரத் தொரை கட்டுனதுங்க."

"எந்தத் தொரைடா?"

"செத்துப்போன தொரைங்க."

சின்னண்ணன் பிறந்ததிலிருந்து வாட்ச் கட்டியதில்லை. ரிப்பேர் கடையில் காட்டியிருக்கலாம். [நானும் அப்படித்தான் எழுதினேன். அவர் கேட்கவில்லை.] "மூடியத் தொறந்து உள்ளாற இருக்கறத மாத்திப்போட்டா?" என்று பயந்து, மாட்டுத் தரகர் அங்கமுத்துவைக் கூட்டிவந்துவிட்டார்.

3

அங்கமுத்து மாட்டுக்குப் பார்ப்பதுபோல வாட்சைத் திருப்பித் திருப்பி ராசியான சுழி தேடினார். காதில் வைத்தார். "மூச்சு சீரா இருக்குதுங்க. ஆனா ஓட்டிப் பாக்கோணும்."

ஏர் பூட்டிப் பார்க்காமல் யாராவது மாடு வாங்குவார்களா? சின்னண்ணன் வாட்சைக் கட்டிக்கொண்டு சோளக்காட்டை உழுதார். [இங்கே வாட்சை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அது நிற்கவில்லை.]

"சண்டித்தனம் இல்லீங்க, அசல்தான்" என்றார் அங்கமுத்து.

4

வசந்தாமணியை இதுவரை நான் பேசவிடவில்லை. பயந்த பெண்ணாகவே வைத்துக்கொண்டால் எனக்குச் சுலபம் என்று…

மணியன் வாட்ச் பார்க்க வந்தார். முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு மெதுவாக அங்கமுத்துவிடம், "ஏனுங்க, அசல்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?" என்றார்.

"உழுது பாத்தாச்சுங்க மாப்பிள்ளை."

"ஓ" என்று மணியன் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார்.

வசந்தாமணி வெளியே வந்தாள். "ஏனண்ணா, வாட்சுக்கு இத்தன பாத்தீங்களே, இவரு அசலான்னு ஆரு பாத்தீங்க?"

[இது மில்லில் கேட்ட பாதியும் இல்லை, நான் போட்ட பாதியும் இல்லை.]

"சித்த ஊட்டுக்குள்ள போ சாமி!" என்றார் சின்னண்ணன்.

"அங்கமுத்தண்ணா, உங்க துண்டக் குடுங்க."

சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். வசந்தாமணி துண்டை மணியன் கைமேல் போட்டுத் தன் கையை உள்ளே விட்டாள். சின்னண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அங்கமுத்து மட்டும் தொழில் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பினார்.

துண்டு அசைந்தது. மணியனுக்கு வேர்த்தது.

"வாட்ச் வேண்டாமுங்க" என்றார்.

"அது கெடக்கட்டும். நாங் கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க" என்றாள், கையை எடுக்காமல்.

என்ன கேட்டாள்? கல்யாணம் நடந்தது என்று ஒரு முடிவு எழுதினேன். நடக்கவில்லை என்றும் எழுதினேன். இரண்டும் போலி மாதிரியே இருந்தன. எழுதுகிறவளுக்கும் துண்டு மூடித்தான் இருக்கிறது.

அவசரப்படுகிறவர்கள் துண்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்புறம் இந்தப் பக்கத்துச் சந்தையில் உங்களுக்கு யாரும் மாடு விற்கமாட்டார்கள்.